வெளியே நிற்பவர் கையில் சாவி

லிஃப்ட்காரர் வாயைத் திறந்தால் எதிரே இருப்பவர் பேனாவைத் திறக்க வேண்டியதுதான். கம்பெனியில் அது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. ஏதாவது ஒரு அடுக்குமாடிக் கட்டடத்துக்காரர்கள் பராமரிப்பு ஒப்பந்தம் வேண்டாமென்று முரண்டு பிடித்தால் முதலாளி இவரைத்தான் அனுப்புவார். இவரும் கருவிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய், கட்டடக் காரியதரிசிக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து ஆரம்பிப்பார்.

"ஓடுற லிஃப்ட்டுக்கு எதுக்குங்க ஒப்பந்தம்னு கேக்குறீங்க. ஓடும்போது போடுறதுக்குப் பேருதாங்க ஒப்பந்தம். நின்னப்புறம் போடுறதுக்குப் பேரு கூப்பாடு. மாசாமாசம் நான் வந்து எண்ணெய் போட்டு, கயிறு பார்த்து, பிரேக் பார்த்துட்டுப் போறேன். ஒண்ணுமே ஆகலேன்னா உங்களுக்கு நஷ்டமா? ஒண்ணும் ஆகாம இருக்கத்தானே நான் வர்றேன்!"

காரியதரிசி மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போடுவார். லிஃப்ட்காரருக்கு உச்சி குளிர்ந்துவிடும். வீட்டுக்கு வந்து மனைவியிடம் அதை வரி விடாமல் ஒப்பிப்பார்.

மனைவி பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் வேலை பார்ப்பவர். நாள் முழுக்க வீங்கின கன்னங்களைப் பார்த்துவிட்டு வருகிறவர். "பேச்செல்லாம் நல்லாத்தான் இருக்கு. அதையே ஒரு தடவை உங்க உடம்புக்கும் சொல்லுங்களேன்" என்பார். அவ்வளவுதான், லிஃப்ட்காரர் செருப்பைத் தேட ஆரம்பித்துவிடுவார். மருத்துவக் காப்பீடு என்ற பேச்சு அந்த வீட்டில் எழும்பிய போதெல்லாம் அவருக்குத் தெருமுனையில் ஏதாவது ஓர் அவசர வேலை இருந்தது.

இந்த ஆள் பிறக்கும்போதே லிஃப்ட்காரராகப் பிறந்துவிடவில்லை. வாலிபத்தில் சுவருக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார். ஒருநாள் லிஃப்ட் ஓடாத கட்டடத்தில் பெயிண்ட் டப்பாக்களைத் தூக்கிக்கொண்டு படியேறி, ஏழாவது மாடியில் நின்று வாய்க்கு வந்தபடி லிஃப்ட்டைத் திட்டினார். உள்ளே ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தவர் தலையை வெளியே நீட்டி, "திட்டினது போதும், இந்த டார்ச்சைப் பிடி" என்றார். பிடித்தவர்தான், அதற்குப் பிறகு பெயிண்ட் பிரஷ்ஷைத் தொடவில்லை.

கல்யாணம்கூட லிஃப்ட் செய்துவைத்ததுதான். ஓர் அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் பாதி வழியில் நின்றுபோயிற்று. உள்ளே ஒரே ஒரு பெண். இவர் லிஃப்ட் கூண்டின் மேல் குந்திக்கொண்டு, கூரைப் பலகைக்கு அந்தப் பக்கம் இருந்தவரிடம் குரல் கொடுத்தார். "பயப்படாதீங்க. உண்மையைச் சொல்லுங்க, மூச்சு முட்டுதா?" உள்ளேயிருந்து, "ஆமாம், முட்டுது" என்று பதில் வந்தது. அந்த நேர்மை அவருக்குப் பிடித்துப்போயிற்று. முகம் பார்ப்பதற்கு முன்னால் குரல் பிடித்துப்போன கதை அது. அதைச் சொல்லச் சொல்லி மகள் சின்னவளாக இருந்தபோது அவரைப் படாதபாடு படுத்துவாள். இப்போது அவள் வேறு ஊரில், தன் குடும்பம் தன் வேலை என்று இருக்கிறாள்.

சரி, கம்பெனி வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு மாடியிலும் லிஃப்ட் கதவை வெளியிலிருந்து திறக்க ஒரு முக்கோணச் சாவி உண்டு. கூண்டின் தலைமேல் ஏறி வேலை பார்க்கப் போகிறவர் அந்தச் சாவியைத் தன்னோடு கொண்டுபோகக் கூடாது. குனிகிற குனிவில் சட்டைப்பையிலிருந்து நழுவிப் பள்ளத்தில் விழுந்தால் தொலைந்தது. அதனால் கதவுக்கு வெளியே நிற்கும் கூட்டாளியிடம் நீட்ட வேண்டும். அவர் வாங்க வேண்டும். அவர் வாங்காவிட்டால் இவர் ஏறக்கூடாது. ஏறிய பிறகு வெளியே நிற்பவர் அடிக்கொரு தரம் "இருக்கீங்களா?" என்று கேட்பார். மேலே இருப்பவர் "இருக்கேன்" என்று சொல்ல வேண்டும். கூண்டு ஏறி இறங்கும் அந்த இருட்டுக் கூண்டுவழியில் எத்தனை வருடமாக எத்தனை "இருக்கேன்" சொல்லியிருப்பாரோ, அவருக்கே தெரியாது.

வெளியே நிற்பவர் பெயர் சுருட்டை. தலையில் ஒரு முடி கிடையாது. வேலைக்குச் சேர்ந்த காலத்தில் இருந்த சுருள்முடியை வைத்து வந்த பெயர், முடி போன பிறகும் போக மாட்டேன் என்கிறது. லிஃப்ட்காரரைவிட வயதில் இளையவர், பேச்சில் ரொம்பவே சிக்கனம். லிஃப்ட்காரர் இருவருக்கும் சேர்த்துப் பேசிவிடுவதால் அது ஒரு குறையாகவும் தெரியவில்லை.

அந்தச் சுருட்டை ஒருநாள் ஒரு துணிக்கடைக் கட்டடத்தில் "இருக்கீங்களா?" என்று கேட்டபோது பதில் வரவில்லை. மறுபடி கேட்டார். இல்லை. மூன்றாவது தடவை கதவைத் திறந்து எட்டிப் பார்த்தால், லிஃப்ட்காரர் கூண்டின் மேல் உட்கார்ந்து, குறுக்குச் சட்டத்தை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு, கண்ணை இறுக மூடியிருந்தார்.

"என்னண்ணா?"

"ஒண்ணுமில்ல. கண்ணுல தூசி."

இரண்டு கண்ணிலும் ஒரே நேரத்தில் தூசி விழுமா? சுருட்டை கேட்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவருடைய "இருக்கீங்களா" அடிக்கடி வர ஆரம்பித்தது. லிஃப்ட்காரர், "சும்மா சும்மா நைநைன்னு கேக்காதடா, இங்கதான் இருக்கேன், எங்க போயிடப் போறேன்" என்று எரிந்து விழுந்தார். இன்னொரு நாள் வேறொரு கட்டடத்தில் அதே கிறுகிறுப்பு. சுவர் மெல்ல ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. அன்றும் தூசிதான். என்ன தூசியோ, அவருக்கு மட்டுமே விழுகிற தூசி.

இப்படி இருக்கும்போதுதான் முதலாளி பட்டறையில் எல்லோரையும் கூட்டிவைத்து ஒரு செய்தி சொன்னார். மருத்துவக் காப்பீடு ஏற்பாடு செய்கிறார். பாதிப் பணம் அவர் போடுவார், பாதி அவரவர் சம்பளத்தில். வேலை பார்ப்பவருக்கும் வீட்டுக்காரிக்கும் சேர்த்து. கட்டாயம் கிடையாது, விருப்பப்பட்டவர் சேரலாம். ஆனால் பட்டறையில் பாதிப் பேருக்கு மேல் சேர்ந்தால்தான் காப்பீட்டுக் கம்பெனி சம்மதிக்கும். சேருகிறவர்கள் ஒரு சின்னப் பரிசோதனைக்கு வர வேண்டும்.

கூட வந்திருந்த காப்பீட்டுக் கம்பெனிப் பெண் தெளிவாகவே பேசினார். "நோய் வந்தவங்க மட்டும் சேர்ந்தா இது நடக்காது. நல்லா இருக்கிறவங்களும் சேரணும். இன்னிக்கு நீங்க அவருக்குக் கை கொடுக்கிறீங்க, நாளைக்கு அவர் உங்களுக்கு."

இதை லிஃப்ட்காரருக்கா சொல்லித்தர வேண்டும்? கடகடவென்று ஆடுகிற லிஃப்ட்டை வைத்திருப்பவர்கள்தான் ஒப்பந்தத்துக்கு ஓடி வருவார்கள், புதுசு வைத்திருப்பவர்கள் அப்புறம் பார்க்கலாம் என்பார்கள். காலமெல்லாம் அவர் பார்த்த கூத்து அது.

அவர்கள் போனதும் பட்டறை இரைச்சலாயிற்று. சர்க்கரை நோய் உள்ள வெல்டர், "என்னை முதல் ஆளா எழுதிக்கோங்க" என்றார். பக்கத்தில் இருந்தவர், "உனக்கென்னப்பா, சேர்ந்த அன்னிக்கே வசூல் பண்ணிடுவே! எனக்கெல்லாம் காய்ச்சல் வந்தே எத்தனையோ வருஷமாச்சு, கட்டுற காசு தண்டம்" என்றார். பெயிண்டர், காப்பீடு எடுத்தால் நோயை வெற்றிலை பாக்கு வைத்து அழைத்த மாதிரி ஆகிவிடும் என்று பயந்தார். இன்னொருவர், கட்டும்போது சிரிப்பார்கள், கேட்கும்போது ஆயிரத்தெட்டுக் கேள்வி கேட்பார்கள், என் மச்சானுக்கு அப்படித்தான் கைவிரித்தார்கள் என்றார். அவருடைய மச்சானுக்கு உண்மையில் என்ன நடந்தது என்று யாரும் கேட்கவில்லை. மச்சான் கதை என்றால் போதும், அதற்குமேல் சாட்சி வேண்டாம்.

கடைசியில் எல்லோரும் லிஃப்ட்காரர் பக்கம் திரும்பினார்கள். "அண்ணா, நீங்க என்ன சொல்றீங்க? நீங்க சேர்ந்தா நாங்களும் சேர்றோம்."

ஊர் முழுக்க ஒப்பந்தம் போடவைத்த வாய் அன்றைக்கு, "பார்க்கலாம், பார்க்கலாம். எடுத்தேன் கவிழ்த்தேன்னு செய்யற காரியமா இது?" என்றது.

ஏன் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன், மூடி வைத்து என்ன ஆகப் போகிறது. பயம். அவருக்குப் பணம் ஒரு பொருட்டில்லை, மச்சான் கதைகளையும் அவர் நம்புகிறவரில்லை. எல்லாம் அந்தச் சின்னப் பரிசோதனையால்தான். கையில் பட்டையைச் சுற்றி, பம்ப்பை அழுத்தி, ஏதோ ஓர் எண்ணைச் சொல்லி, "நீங்க இனிமே மேல ஏறக்கூடாது" என்று சொல்லிவிட்டால்? சாகப் பயமா என்று கேட்டால் அவர் சிரிப்பார். கீழே இறக்கிவிடுவார்களே என்றுதான் பயம். கூண்டுவழியின் இருட்டும் எண்ணெய் வாசனையும் எஃகுக் கயிற்றின் அதிர்வும் இல்லாமல் தான் யார் என்று அவருக்கே தெரியாது.

வீட்டில் மனைவி விடவில்லை. பட்டறையில் ஏற்பாடு நடப்பது வெல்டரின் மனைவி மூலம் அவர் காதுக்கு வந்துவிட்டது.

"காசுக்குப் பார்க்கிறீங்களா?" என்று கேட்டார்.

"காசு என்ன காசு."

"அப்ப வேற என்ன? எனக்கு ஏதாவது ஒண்ணுன்னா என்ன பண்ணுவீங்க? உங்களுக்கு ஏதாவது ஒண்ணுன்னா நான் யாரைப் போய்க் கேப்பேன்? தினம் காலையில பையை மாட்டிக்கிட்டுப் போறீங்க. சாயங்காலம் கதவு தட்டுற வரைக்கும் எனக்கு இங்க..." நெஞ்சைத் தொட்டுக் காட்டிவிட்டு நிறுத்திக்கொண்டார். "சரி விடுங்க. சொன்னா உங்களுக்குப் புரியாது."

அன்று அவர் செருப்பைத் தேடவில்லை. மனைவி குரல் உடைந்தது அவரை என்னவோ செய்தது. சேர்ந்துவிடுவது என்று முடிவு செய்தார். ஆனால் மனிதர் சேர்ந்த விதத்தைக் கேளுங்கள்!

பரிசோதனைக்கு ஒரு வாரம் இருக்கையில் சாப்பாட்டில் உப்பு வேண்டாமென்றார். மனைவிக்கு ஆச்சரியம். "என்ன, திடீர்னு?" "வெயில் காலம்ல" என்றார். வெயிலுக்கும் உப்புக்கும் என்ன சம்பந்தமோ. டீயை விட்டார். ராத்திரி சீக்கிரம் படுத்தார். இதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. பட்டறை ஸ்டோர்காரருக்கு ரத்த அழுத்தம் உண்டு, மேசை இழுப்பறையில் மாத்திரை வைத்திருப்பார். அவரிடம் போய்க் குழைந்து, யாருக்கும் சொல்லாதே என்று சத்தியம் வாங்கிக்கொண்டு, கொஞ்சம் மாத்திரை வாங்கி வந்து முழுங்க ஆரம்பித்தார். அடுத்தவர் மாத்திரை! வேறொரு லிஃப்ட்டின் உதிரிபாகத்தை யாராவது மாட்டினால் குதியாய்க் குதிக்கிற ஆள் செய்த வேலை இது.

பரிசோதனைக்கு வந்த நர்ஸ் பட்டறை அலுவலகத்தில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். பட்டையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அட, சின்னப் பையன் மாதிரி வச்சிருக்கீங்க" என்றார். லிஃப்ட்காரர் முகத்தில் ஆயிரம் வாட் பல்பு எரிந்தது.

"மயக்கம், தலைசுத்தல் ஏதாவது உண்டா?"

"எனக்கு எதுக்குங்க அதெல்லாம் வருது?" என்றார். பொய் சொல்லவில்லையாம். கேள்விதான் கேட்டாராம். அன்று முழுக்க இப்படித்தான் தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

அவர் சேர்ந்ததும் மளமளவென்று எல்லோரும் சேர்ந்தார்கள். காய்ச்சலே வராதவர் சேர்ந்தார், மச்சான்காரர் சேர்ந்தார், பெயிண்டர்கூட மனைவியைக் கேட்டுவிட்டு வந்து சேர்ந்தார். வெல்டர் தன் சர்க்கரையை ஒளிக்காமல் சொன்னார். அதற்கு மட்டும் கொஞ்சகாலம் கழித்துத்தான் பணம் கிடைக்கும், மற்றதற்கெல்லாம் உடனே உண்டு என்று அவரையும் சேர்த்துக்கொண்டார்கள். முதலாளி லிஃப்ட்காரர் தோளில் தட்டினார். சுருட்டை மட்டும் கருவிப்பையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்தப் பையைத் துடைக்க வேண்டிய அவசியமே இல்லை.

அடுத்த வாரம் ஒரு பழைய குடியிருப்பிலிருந்து அழைப்பு வந்தது. இவ்வளவு காலம் ஒப்பந்தம் போடாமல் ஓட்டியவர்கள், இப்போது போட விரும்புகிறார்கள். போடுவதற்கு முன்னால் லிஃப்ட்டைப் பார்த்துச் சொல்ல வேண்டும். லிஃப்ட்காரரும் சுருட்டையும் போனார்கள். கட்டடக் காரியதரிசி ஒரு அம்மாள், நடுவயது, பதற்றத்தோடு வாசலிலேயே காத்திருந்தார். "லிஃப்ட் நல்லா ஓடுதுங்க, சத்தமே வராது, பாருங்க" என்றார் வந்ததும் வராததுமாக.

அந்த வார்த்தையிலேயே லிஃப்ட்காரர் மூக்கு விடைத்தது. கதவைத் திறந்ததும் காரணம் தெரிந்தது. கூண்டுவழி முழுக்கப் புது கிரீஸ் வாசனை. கூண்டு வழுக்கி ஓடும் கம்பித்தடத்தில் விரலை வைத்து இழுத்தார். மேலே பளபளவென்று மஞ்சள் கிரீஸ், அடியில் தேய்ந்து பள்ளமான இரும்பு. துருப்பிடித்த போல்ட்டுகளுக்கு யாரோ வெள்ளிப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். பெயிண்ட் இன்னும் சரியாகக்கூடக் காயவில்லை, விரலில் ஒட்டியது.

லிஃப்ட்காரருக்கு எங்கிருந்துதான் கோபம் வந்ததோ. "யாரை ஏமாத்தறீங்க? என்னையா? நான் இன்னிக்குப் பார்த்துட்டுப் போயிடுவேன். நாளைக்கு இதுல ஏறப் போறது யாரு? நீங்கதானே, உங்க ஆளுங்கதானே! கிரீஸ் தடவினா தேஞ்ச இரும்பு வளர்ந்துடுமா?"

அம்மாள் முகத்தில் ஈயாடவில்லை. "ஏமாத்தணும்னு இல்லைங்க. அஞ்சாவது மாடியில சக்கர நாற்காலியில ஒருத்தர் இருக்காரு. நீங்க பார்த்துட்டு, இது தேறாது, நிறுத்திடுங்கன்னு சொல்லிட்டா அவர் வெளிய வர்றதே போச்சு. எதுவும் சரியில்லைன்னு எனக்கும் தெரியும். அதை வேற ஒருத்தர் வாயால கேக்கத்தான் பயம்."

அந்தப் பயம் லிஃப்ட்காரருக்கு நன்றாகத் தெரியும். கோபம் பொசுக்கென்று அடங்கிவிட்டது. குரலைத் தணித்து, "அம்மா, பழுது இருந்தா ஒப்பந்தம் கிடையாதுன்னு உங்களுக்கு யார் சொன்னது?" என்றார். "இருக்கிறதை இருக்கிறபடி காட்டுங்க. முதல்ல அதைச் சரி பண்ணுவோம். தேஞ்சதுக்கு மட்டும் கொஞ்சகாலம் தனிக்கணக்கு, மத்ததெல்லாம் இன்னிக்கே ஒப்பந்தத்துல வந்துடும். கொஞ்ச நாள் மெதுவா ஓட்டணும், அவ்வளவுதான். காட்டினா வழி உண்டு. மறைச்சாத்தான் யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது."

பின்னால் நின்றிருந்த சுருட்டை மெதுவாக, "உங்களுக்குக் கேட்டுச்சாண்ணா?" என்றார்.

லிஃப்ட்காரர் திரும்பிப் பார்க்கவில்லை. கேட்காத மாதிரி கையைத் துடைத்துக்கொண்டு, கூண்டின் மேல் ஏறிப் பார்க்கத் தயாரானார். வழக்கப்படி முக்கோணச் சாவியை நீட்டினார்.

சுருட்டை இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

"வாங்குடா."

"வாங்க மாட்டேன்."

"விளையாடாதே. வேலை இருக்கு."

"ஸ்டோர்காரர் உங்களுக்குத்தான் சத்தியம் பண்ணினாரு, எனக்கு எல்லாத்தையும் சொல்லிட்டாரு. துணிக்கடையில உங்க கண்ணுல தூசி இல்லன்னும் எனக்குத் தெரியும். மூணு தடவை கூப்பிட்டேன், பதில் வரல. அந்தக் கதவைத் திறக்கும்போது எனக்கு எப்படி இருந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா? திறந்து பார்த்தா நீங்க இருப்பீங்களா, இல்ல கீழ பள்ளத்துல..." இவ்வளவு வார்த்தை ஒரே மூச்சில் பேசியதே அவர் வரலாற்றில் முதல் தடவை. "நான் சாவி வாங்காம நீங்க ஏற முடியாது. இன்னிக்கு நான் வாங்க மாட்டேன். முதலாளிகிட்ட வேணா சொல்லிக்கோங்க."

காரியதரிசி அம்மாள் ஒன்றும் புரியாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். நீட்டிய கை நீட்டியபடி இருந்தது. திட்ட வேண்டும் என்றுதான் லிஃப்ட்காரர் வாயைத் திறந்தார். ஆனால், "சரி. அப்ப நீ ஏறு. நான் வெளிய நிக்கிறேன்" என்றார். சுருட்டை சாவியை வாங்கி, முறைப்படி மறுபடி அவர் கையிலேயே கொடுத்துவிட்டு ஏறினார். அன்று முழுக்க லிஃப்ட்காரர் அவசியத்துக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மாளுக்கு ஒப்பந்தம் மட்டும் சொன்னபடியே போட்டுக் கொடுத்தார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் மனைவியை உட்காரச் சொன்னார். மனைவி உட்காரவில்லை, துணி மடித்துக்கொண்டே, "சொல்லுங்க, காது இங்கதான் இருக்கு" என்றார். துணிக்கடையிலிருந்து ஸ்டோர்காரர் மாத்திரை வரை எல்லாவற்றையும் சொன்னார். சொல்லச் சொல்ல மனைவி முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"அடுத்தவன் மாத்திரையைத் தின்னீங்களா? உப்பில்லாம ஆக்கிப் போட்டேனே, பரவாயில்ல, மனுஷனுக்கு இப்பவாவது புத்தி வந்துச்சேன்னு சந்தோஷப்பட்டேனே! என்னையும் சேர்த்துத்தானே ஏமாத்தினீங்க?"

"பயமா இருந்துச்சு."

அந்த ஒரு வார்த்தையில் மனைவி அப்படியே நின்றுவிட்டார். இத்தனை வருட வாழ்க்கையில் அவர் வாயிலிருந்து வராத வார்த்தை அது. துணியைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அன்னிக்கு லிஃப்ட்டுக்குள்ள மாட்டிக்கிட்டப்ப மூச்சு முட்டுதான்னு கேட்டீங்களே. இல்லைன்னு சொல்லிடலாம்னுதான் முதல்ல நினைச்சேன். முன்ன பின்ன தெரியாத ஆளுகிட்ட போய் என்ன சொல்றதுன்னு. ஆனா முட்டுதுன்னு சொன்னேன். சொன்னதும் நீங்க என்ன பண்ணினீங்க?"

"கூரைப் பலகையைக் கழட்டிக் காத்து விட்டேன்."

"நான் சொல்லலேன்னா?"

"மோட்டாரைத்தான் பார்த்துக்கிட்டு இருந்திருப்பேன்" என்றார் லிஃப்ட்காரர். பிறகு, "நாளைக்கு நீயும் கூட வா" என்றார்.

மறுநாள் பரிசோதனை செய்த நர்ஸைத் தேடிப் போய் உண்மையைச் சொன்னபோது அசடு வழிந்ததைத் தனியாகச் சொல்ல வேண்டாம். நர்ஸ் திட்டினார், நன்றாகவே திட்டினார். டாக்டரிடம் அனுப்பினார்கள். மாத்திரையின் வேஷம் கலைந்ததும் ரத்த அழுத்தம் தன் சுயரூபத்தைக் காட்டியது. டாக்டர் அவருக்கென்று மருந்து எழுதினார். கட்டுக்குள் வரும் வரை கூண்டின் மேல் ஏறக்கூடாது, அதற்குப் பிறகு பார்த்துச் சொல்கிறேன் என்றார். காப்பீட்டுக்காரர்கள் அவரை வெளியே தள்ளிவிடவில்லை. வெல்டருக்குச் சொன்னதையே இவருக்கும் சொன்னார்கள், இதற்கு மட்டும் கொஞ்சகாலம் பொறுக்க வேண்டும், மற்றதற்கும் மனைவிக்கும் உடனே உண்டு. எந்த வார்த்தைக்குப் பயந்து இவ்வளவு கூத்தடித்தாரோ, அந்த வார்த்தை வந்தேவிட்டது. கேட்டுவிட்டு நாற்காலியிலிருந்து எழுந்தபோது கால் தரையில்தான் இருந்தது. பட்டறையில் ஒரு வாரம் கேலி செய்தார்கள். ஸ்டோர்காரர் இழுப்பறைக்குப் பூட்டு வாங்கிப் போட்டார்.

வலிக்கவில்லை என்று சொன்னால் அது பொய். முதலாளி அவரை வெளியே நிற்கும் வேலைக்கு மாற்றிய அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. மனைவி தூங்குவது போல் பாசாங்கு செய்தார். இருவருக்கும் அது தெரியும்.

மறுநாள் காலை ஒரு வங்கிக் கட்டடம். சுருட்டை முக்கோணச் சாவியை நீட்டினார், லிஃப்ட்காரர் வாங்கினார். சுருட்டை உள்ளே ஏறினார், கதவு மூடிக்கொண்டது. லிஃப்ட்காரர் கதவைப் பார்த்தபடி நின்றார். பக்கத்தில் வங்கி ஊழியர்கள் தேநீர்க் கோப்பையோடு போய்வந்துகொண்டிருந்தார்கள். கதவுக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று ஒன்றும் தெரியவில்லை. இரும்பு உரசுகிற சத்தம், பிறகு அதுவும் இல்லை.

"இருக்கியா?" என்று கேட்டார்.

பதில் இல்லை.

கை தானாகச் சாவியைக் கதவின் துளைக்குக் கொண்டுபோயிற்று. "டேய், இருக்கியா?"

"இருக்கேண்ணா! வாயில ஸ்க்ரூவைக் கவ்விக்கிட்டிருந்தேன்."

லிஃப்ட்காரர் சுவரில் சாய்ந்துகொண்டார். அவ்வளவுதான் நடந்தது, ஒரு மூச்சு நேரம்கூட இருக்காது. உள்ளங்கையில் சாவி வியர்வையில் நனைந்திருந்தது. இத்தனை வருடமாக வெளியே நின்றவர்களுக்கு இப்படித்தான் இருந்திருக்குமா என்று நினைத்தார். சுருட்டைக்காவது ஆள் மேலே ஏறும்போது மட்டும்தான். காலையில் இவர் பையை மாட்டிய நிமிடத்திலிருந்து சாயங்காலம் கதவு தட்டும் வரை மனசுக்குள் இப்படி நின்றவர் ஒருவர் உண்டு. அவர் கையில் ஒரு சாவிகூடக் கொடுத்ததில்லை.

போனை எடுத்துப் பல் மருத்துவமனைக்குப் பண்ணினார். வேலை நேரத்தில் அவர் மனைவிக்குப் போன் செய்ததாகச் சரித்திரமே கிடையாது.

"என்னங்க? என்ன ஆச்சு? எங்க இருக்கீங்க?" மனைவி குரலில் பதற்றம்.

"ஒண்ணும் ஆகல. வெளியதான் நிக்கிறேன்."

"பின்ன எதுக்குப் போனு?"

லிஃப்ட்காரர் சாவியைக் கை மாற்றிக்கொண்டார்.

"சும்மாதான். இருக்கேன்னு சொல்லலாம்னு."